நான்கு ஜோடிச் செருப்பு

காலையில் மூன்றாம் மாடிக்கு ஏறியபோது செருப்புகள் திரும்பிக் கிடந்தன.

அவர் வைத்தது அப்படியல்ல. வெளியே போய்விட்டு வந்து, கழற்றிப் போட்டு உள்ளே போனவர்களின் செருப்பு எப்படிக் கிடக்குமோ அப்படி, விரல் பக்கம் கதவைப் பார்த்திருக்க, ஜோடியில் ஒன்றை நேராகவும் மற்றதைச் சற்றே கோணலாகவும் வைத்துவிட்டுத்தான் நேற்று மாலை இறங்கினார். இரண்டும் நேராக இருந்தால் கடையில் அடுக்கியது போலிருக்கும். இரண்டும் கோணலாக இருந்தால் யாரோ காலால் தள்ளிவிட்டது போலிருக்கும். ஒன்று நேர், ஒன்று கோணல்; அப்போதுதான் ஆள் இருப்பது போல இருக்கும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, இரண்டு மாதமாகத் தினமும் வைத்து வைத்து அவராகவே கண்டுபிடித்தது. இப்போது நான்கு ஜோடியும் படிக்கட்டைப் பார்த்து, கிளம்பத் தயாரானவர்களின் செருப்பு போல ஒரே வரிசையில் நின்றன.

பூனையாக இருக்கும் என்று வைத்துக்கொண்டார். எட்டுச் செருப்பையும் திருப்பி வரிசையாக அடுக்குகிற பூனையை இந்த ஐம்பத்தெட்டு வயதில் அவர் பார்த்ததில்லைதான். இருந்தாலும் பூனை என்று வைத்துக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். ஆம்பிளைச் செருப்பு ஒன்று, தோல், பழுப்பு. நீல ரப்பர் செருப்பு ஒன்று, அறுந்த வாரில் ஊக்கு குத்தியது. சின்னது இரண்டு. அந்தப் பக்கம் வெயிலே வராது. ஆனாலும் செருப்புகளின் உட்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது.

கீழே வந்து மனைவியிடம் சொன்னார். அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மேல செருப்பெல்லாம் திரும்பிக் கிடக்கு."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "அதை எடுத்துடுங்கன்னு அன்னைக்கே சொன்னேன். வேற வாங்கி வைங்க."

"புதுசு வெச்சா புதுசுன்னு தெரிஞ்சிடும். பழசை எந்தக் கடையில விக்கிறான்?"

அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள். இரண்டு வருடமாக அவள் பேச்சே இப்படித்தான், தேவைக்குச் சொட்டும், பிறகு நின்றுவிடும். அவரும் ஏன் என்று கேட்பதில்லை. இருவருக்கும் நடுவில் கோபம் என்று எதுவும் கிடையாது. உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி ஏதோ ஒன்று இருந்தது, அதை உதறி எழுப்ப இருவருக்குமே தெம்பில்லை.

எல்லோருக்கும் அவர் வீட்டுக்காரர். இருபத்தாறு வருடம் தண்ணீர் மோட்டார் விற்றுப் பழுது பார்த்து, பெல்ட்டில் கட்டைவிரல் நகத்தைப் பிளந்துகொண்டு, அதில் சேர்த்ததையும் வங்கி கொடுத்ததையும் கொட்டிக் கட்டியது இந்தக் கட்டடம். கீழே அவர்கள் இருவரும்; மேலே மாடிக்கு ஒரு வீடாக மூன்று. கட்டிய புதிதில் தெருவே திருவிழாவாக இருந்தது. காலி என்று பலகை மாட்டக்கூட வேண்டாம், முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் ஆட்கள் நிற்பார்கள். பிறகு ஊருக்கு வெளியே இருந்த பெரிய கம்பெனிகள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக மூடின. எதிர்வரிசையில் பாதி எழும்பிய அடுக்குமாடி அப்படியே நின்றது. ஜன்னலுக்கு விட்ட ஓட்டைகளில் புறா குடியேறியது, அதுவும் வாடகை தராமல். விற்பனைக்கு என்ற பலகைகள் வெயிலில் எழுத்து வெளுத்துப் பலகை மட்டும் நின்றன. அவருடைய மாடிகள் மேலிருந்து கீழாகக் காலியாகின. ஆறு மாதமாக ஒருவர்கூட இல்லை. இந்த மாதக் கடைசிக்குள் ஒரு வீட்டுக்காவது ஆள் வந்து ஒப்பந்தத்தைக் காட்டாவிட்டால் கட்டடத்தை ஏலத்துக்கு எழுதிவிடுவோம் என்று வங்கியில் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். கட்டடம் போனால் கீழ்வீடும் போகும். அதன்பிறகு எங்கே என்பதை அவர் யோசித்துப் பார்க்கவில்லை. யோசித்தாலும் அங்கே ஒன்றும் தெரியவில்லை.

செருப்பு யோசனை தரகருடையது. நல்ல காலத்தில் இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துப் பேசியவர், இப்போது ஒன்றை விற்றுவிட்டார்.

"காலி வீட்டை யாரு வேணா எடுப்பாங்க சார். காலி பில்டிங்கை எவனும் எடுக்க மாட்டான். என்னமோ இருக்கு, அதான் எல்லாரும் ஓடிட்டாங்கன்னு நெனப்பான். நாலு பேர் இருக்கிற மாதிரி காட்டுங்க. ரெண்டு செருப்பு, கொடியில துணி, சாயந்திரமானா ஒரு லைட்டு. ஒருத்தர் வந்துட்டா போதும், அப்புறம் தன்னால வருவாங்க."

வீட்டுக்காரருக்கு வேலை செய்யத் தெரியும். முதல் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் மாலை ஆறரைக்குத் தானாக எரிந்து பத்தரைக்குத் தானாக அணையும் டைமர் சுவிட்ச் பொருத்தினார். முதல் மாடிக் கொடியில் தங்களுடைய பழைய துணியைப் போட்டார். மூன்றாம் மாடிக்கு என்ன செய்வது என்று பார்த்தபோது, மொட்டை மாடி அறையில் பழைய வால்வுகளுக்கும் குழாய்த் துண்டுகளுக்கும் பின்னால் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. எதையும் தூக்கிப் போடாத மனிதர். மூட்டை யாருடையது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததைப் பற்றி யோசிக்காமல் இருக்கவும் தெரியும்.

செருப்பு திரும்பிய அன்றே பதினொரு மணிக்குத் தரகர் ஒரு நர்சை அழைத்து வந்தார். கூட ஆறு வயதுப் பெண் குழந்தை, அம்மாவின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. வீட்டுக்காரர் இரண்டாம் மாடியைத் திறந்து காட்டினார். நர்ஸ் ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள், சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீரில் கையை நனைத்துப் பார்த்தாள், சுவரைத் தட்டிப் பார்த்தாள். நோயாளியைச் சோதிப்பது போலத்தான் இருந்தது.

"எனக்கு வாரத்துல மூணு நாள் நைட் டியூட்டி சார். தங்கச்சி வந்து இவகூட படுத்துக்குவா, அவளும் சின்னப் பொண்ணுதான். மேலயும் கீழயும் ஆள் இருந்தா ஒரு தைரியம். அதுக்குத்தான் இந்த வீட்டைப் பார்க்க வந்தேன். செருப்பெல்லாம் கிடக்குதுன்னு இவர் சொன்னாரு."

தரகர் ஜன்னலுக்கு வெளியே புறாவைப் பார்த்தார்.

அப்போதுதான் தலைக்கு மேலே சத்தம் கேட்டது. காலி பிளாஸ்டிக் பக்கெட்டைத் தரையில் இழுக்கும் சத்தம், கரகரவென்று, குளியலறைப் பக்கமாகப் போய் நின்றது. பிறகு குழாயைத் திருகும் கிரீச். அதன்பிறகு நீளமாக, ஒரே மூச்சில், உஸ்ஸ்ஸ் என்று. தண்ணீர் இல்லாத குழாயில் காற்று மட்டும் வெளியேறும் சத்தம் அது. இருபத்தாறு வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர் சம்பாதித்தார்.

"மேல யாரு சார்?"

"ஒரு குடும்பம்மா," என்றார். குரல் எப்போதும் போலவே வந்தது. "அவரு பிரஸ்ல வேலை பாக்கிறாரு. ரெண்டு பொண்ணுங்க. இருக்கிற இடமே தெரியாது, அவ்வளவு அமைதி."

சொன்னது எல்லாமே உண்மை. இரண்டு வருடத்துக்கு முந்தைய உண்மை.

குழந்தை இதற்குள் மேல் படிகளில் பாதி ஏறிவிட்டு இறங்கி வந்தாள். "அம்மா, மேல ஒரு அக்கா பக்கெட்டை மடியில வெச்சுக்கிட்டு படியில உக்காந்திருக்காங்க."

"பாத்தியா, உனக்கு விளையாட ஆள் கெடச்சாச்சு," என்றாள் நர்ஸ்.

இந்த இடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். மேலே யாரும் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகிவிடும்? பயமாவது வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. நர்ஸ் பையைத் திறந்து முன்பணத்தை எடுத்தபோது கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அவளுக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பேனாவும் கொடுத்தார்.

மத்தியானம் படுத்தபோது தூக்கம் வரவில்லை. யோசிக்காமல் வைத்திருந்தது தானாக வந்தது.

அந்தக் குடும்பம் ஆறு வருடம் மூன்றாம் மாடியில் இருந்தது, பழைய வாடகைக்கு. தெருவில் வாடகை இரண்டு மடங்கானபோது காலி செய்யச் சொன்னார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் முடிய மூன்று மாதம் வேண்டும் என்று அந்த மனிதர் கேட்டார். தாராளமா இருங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னார் வீட்டுக்காரர். சண்டை போடவில்லை. சாமானைத் தூக்கித் தெருவில் எறியவில்லை. மறுநாள் விடியுமுன் மொட்டை மாடிக்குப் போய் மூன்றாம் மாடி லைனின் வால்வை ஒன்றரைச் சுற்று திருகினார், அவ்வளவுதான்.

அன்று காலை அந்தம்மா பக்கெட்டோடு இறங்கி வந்து மணியடித்தாள். அவர் கதவை ஒரு சாண் திறந்தார்.

"தண்ணி வரலைங்க."

"மோட்டார் ரிப்பேர்மா. நாளைக்கு வந்துடும்."

உள்ளே திரும்பியபோது அவர் மனைவி குளியலறை வாசலில் நின்றாள். உள்ளே தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"ஒரு பக்கெட்டாவது குடுங்களேன்."

"குடுத்தா போக மாட்டாங்க."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கதவுக்கு வெளியே கேட்கிற அளவு மெதுவாக.

இப்படிப் பத்தொன்பது நாள். அதே நேரம், அதே பக்கெட், அதே வார்த்தை. முதலில் அந்த மனிதர் தெருமுனைக் குழாயிலிருந்து இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார். பதினைந்தாம் நாளுக்குப் பிறகு அவர் இறங்கவே இல்லை. அந்தம்மா மட்டும் வந்தாள், உதடு வெடித்து. பத்தொன்பதாம் நாள் அவள் ஒன்றும் சொல்லாமல் பக்கெட்டைக் காட்டிக்கொண்டு நின்றாள், அவரும் நாளைக்கு என்றார். இருபதாம் நாள் மணியடிக்கவில்லை. மத்தியானம் மேலே போய்ப் பார்த்தார். கதவு திறந்து கிடந்தது. வீட்டுச் சாவி குளியலறைக் குழாயில் தொங்கியது. துணிமணி எல்லாம் அப்படியே. வாசலில் நான்கு ஜோடிச் செருப்பு.

அவர்கள் இறங்கிப் போனதைத் தெருவில் யாரும் பார்க்கவில்லை. செருப்பில்லாமல் எங்கே போயிருப்பார்கள் என்று அவரும் யாரிடமும் கேட்கவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டும் யாரும் வரவில்லை. வால்வைத் திறந்துவிட்டார். அடுத்த வாரமே இரண்டு மடங்கு வாடகைக்கு ஆள் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் குடிவந்தாள். திங்கள்கிழமை வங்கியில் ஒப்பந்தத்தைக் காட்டினார். அங்கே ஒருவர் கைகுலுக்கி, இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். சந்தோஷப்பட வேண்டும் என்று வீட்டுக்காரருக்குத் தோன்றியது. வழியில் இனிப்பு வாங்கி வந்தார். மனைவி பொட்டலத்தைப் பிரிக்காமலேயே அலமாரியில் வைத்தாள்.

செருப்புகள் தினமும் காலையில் திரும்பிக் கிடந்தன. அவரும் தினமும் திருப்பி வைத்தார். பல் தேய்ப்பது போல அதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

"மேல பக்கெட் இழுக்கிற சத்தம் கேக்குது," என்றாள் மனைவி.

"நர்ஸ் வீடு."

"நர்ஸ் வீட்டுக்கும் மேல."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

புதன்கிழமை சாயந்திரம் ஐந்தரைக்கு நர்ஸ் மணியடித்தாள். டியூட்டிக்குக் கிளம்ப வெள்ளை உடுப்பு மாட்டியிருந்தாள், தலை மட்டும் இன்னும் ஈரம்.

"சார், மேல் வீட்டு லைன்ல ஏதோ அடைப்பு போல, கொஞ்சம் பாருங்களேன். அந்தம்மா வந்து பக்கெட்டை நீட்டிக்கிட்டு நின்னாங்க. வாய் பேச மாட்டாங்களா அவங்க? பாவம், உதடெல்லாம் வெடிச்சிருக்கு. நான் ஒரு பக்கெட் புடிச்சுக் குடுத்தேன்."

அவர் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "குடுத்ததும்?"

"வாங்கிக்கிட்டாங்க. என் பொண்ணு கன்னத்தைத் தொட்டாங்க. போயிட்டாங்க."

"இனிமே வந்தா குடுக்காதீங்க."

"தண்ணிதானே சார்?"

"குடுத்தா போக மாட்டாங்க."

வாயிலிருந்து வந்த பிறகுதான் காதில் விழுந்தது. பின்னால், வீட்டுக்குள், மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. நர்ஸ் ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்த்தாள். கோபப்படவில்லை. "என் வீட்டுத் தண்ணிய நான் குடுக்கிறேன் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

எல்லாவற்றையும் எடுத்துவிடுவது என்று அப்போது முடிவு செய்தார். நர்ஸ் ஒருநாள் மேலே போய்க் கதவைத் தட்டினால் போயிற்று, உள்ளே ஆளில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே மூட்டை கட்டிவிடுவாள். செருப்பு, துணி, டைமர், எல்லாம். மேல் வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டாங்க என்று சொல்லிவிடலாம். சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றாம் மாடிச் சாவியோடு கிளம்பினார்.

"எங்க?" என்றாள் மனைவி.

"எல்லாத்தையும் எடுத்துடறேன். நீ சொன்ன மாதிரி."

"இப்பவா?" என்றாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள்.

ஏறினார். முதல் மாடியில் தன் பழைய சட்டையே கொடியில் காற்றுக்கு ஆடுவதைப் பார்த்தார். இரண்டாம் மாடியில் நர்ஸ் வீட்டுக் கதவுக்கு அடியிலிருந்து வெந்நீரும் சோப்பும் கலந்த மணம் வந்தது, குழந்தை எதையோ சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள், பதினாறு, பதினேழு, பதினெட்டு. அதற்கு மேலே படிகளில் சத்தம் குறைந்துகொண்டே போய், தன் மூச்சும் இடது முழங்கால் நொடிப்பதும் மட்டும் மிஞ்சியது. ஈரமே படாத இடத்தின் மணம் ஒன்று அடித்தது, காய்ந்து வெடித்த சிமெண்ட் தொட்டியின் மணம், மூக்கின் உள்ளே பொடியாக ஒட்டியது.

செருப்புகள் படிக்கட்டைப் பார்த்து நின்றன. ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டார். வெதுவெதுப்பு நேற்றைவிட அதிகம். இப்போதுதான் கழற்றியது போல.

சாவி சுலபமாகத் திரும்பியது. கூடத்தில் ஒன்றுமில்லை. அவர் விட்டுப்போன விளக்கு, அவர் கட்டிய கொடி, அவர் போட்ட துணி. குளியலறைக் கதவைத் தள்ளினார்.

நான்கு பக்கெட்.

அவர் பக்கெட் எதுவும் வைத்திருக்கவில்லை. பெரியது இரண்டு, சின்னது இரண்டு, குழாயடியிலிருந்து வாசல் வரை வரிசையாக நின்றன. மூன்று காய்ந்து, அடியில் வெள்ளைப் படலம் படிந்து கிடந்தன. முதல் பக்கெட்டில் மட்டும் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தது. நர்ஸ் கொடுத்தது.

குழாயைத் திருகினார். உஸ்ஸ்ஸ்.

மொட்டை மாடிக்கு ஏறி வால்வைப் பார்த்தார். முழுசாகத் திறந்திருந்தது. தொட்டியைத் தட்டிப் பார்த்தார், கைக்கு எட்டாத விளிம்பு வரை தண்ணீர். இரண்டு முறை மூடித் திறந்துவிட்டு இறங்கி வந்து குழாயைத் திருகினார். உஸ்ஸ்ஸ். காற்றடைப்பு என்று அவருக்குள் இருந்த மோட்டார்காரர் சொன்னார். குழாய்க்குள் காற்று உட்கார்ந்துவிட்டது. இந்தப் பக்கமிருந்து ஒரு பக்கெட் தண்ணீரை உள்ளே ஊற்றித் தள்ளினால் ஓடிப்போகும். நூறு வீட்டில் செய்த வேலை. அதைச் சொல்லிக்கொண்டபோது மனசுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. முதல் பக்கெட்டில் இருந்ததைத் தொட அவருக்குக் கை வரவில்லை. கடைசிப் பக்கெட்டை எடுத்துக்கொண்டார், காலியானதை, கீழ்வீட்டில் நிரப்பி வர.

படிகளில் இறங்கும்போதுதான் தாகம் தெரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. எச்சில் விழுங்கப் பார்த்தார், விழுங்க எச்சில் இல்லை. நர்ஸ் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே குழாய் திறந்திருந்தது, பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் தொண்டைக்குள்ளேயே விழுந்தது போலிருந்தது. தட்டினால் கொடுப்பாள். கையை ஓங்கினார். குடுக்காதீங்க என்று ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவளிடம் சொன்ன வாயால் இப்போது எப்படிக் கேட்பது? வெட்கமாக இருந்தது. இவ்வளவு நாளில் அவருக்கு உறுத்திய ஒரே உணர்ச்சி அதுதான். கையை இறக்கிக்கொண்டு தன் வீட்டுக்கே இறங்கினார்.

மேலே எங்கோ டக் என்று டைமர் விழுந்தது. ஆறரை.

தன் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மணியடித்தார்.

உள்ளே தொலைக்காட்சியில் செய்தி ஓடியது. குளியலறையில் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம். வீட்டுக்கே உரிய மணம், சோப்பும் ஈரத் துணியும். காலடி கேட்டது. மனைவியுடையது அல்ல. கனமான காலடி. இடது காலை லேசாக இழுத்து வைக்கிற நடை.

தாழ் விலகியது.

கதவு ஒரு சாண் திறந்தது.

முகம் தெரியவில்லை. பின்னாலிருந்த விளக்கு கண்ணில் அடித்தது. கதவு விளிம்பில் ஒரு கை. மோட்டார் பெல்ட்டில் சிக்கி நகம் பிளந்த கட்டைவிரல். அது யாருடைய விரல் என்று அவருக்குத் தெரியும்.

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தார். உதட்டில் ஏதோ வெடித்தது. வேறு வார்த்தை வந்தது.

"தண்ணி வரலைங்க."

"மோட்டார் ரிப்பேர்," என்றது கதவுக்குள்ளிருந்த குரல். எப்போதும் போன்ற குரல். சிரிப்புகூட இருந்தது. "நாளைக்கு வந்துடும்."

கதவு மூடியது.

உள்ளே அவள் பேசினாள். இரண்டு வருடமாக அவர் கேட்காத குரல், இளகிய குரல். அந்த ஒரு நொடி அவருக்கு நம்பிக்கை வந்தது. காதைக் கதவில் வைத்தார்.

"ஒரு பக்கெட்டாவது குடுங்களேன்."

கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

மெதுவாக வந்தது பதில். வெளியே கேட்கிற அளவு மெதுவாக.

"குடுத்தா போக மாட்டாங்க."

எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. மறுபடி மணியடிக்கக் கை வரவில்லை; அடித்தால் என்ன பதில் வரும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தெருப் பக்கக் கதவை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. படியைத் தவிர வழி இல்லை. ஏறினார். பக்கெட் படிகளில் இடித்து இடித்துக் கரகரத்தது. இரண்டாம் மாடியில் இந்த முறை தட்டிவிடுவது என்று நின்றார். பூட்டு தொங்கியது. நர்ஸ் அவரைத் தாண்டி எப்போது இறங்கினாளோ, டியூட்டிக்குப் போய்விட்டாள். தங்கச்சி வரவில்லை போல, குழந்தையையும் அழைத்துக்கொண்டு.

மூன்றாம் மாடி.

சாக்கு காலியாக மடிந்து கிடந்தது. அவர் போட்ட மடிப்பு அல்ல அது.

கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. உள்ளே குளியலறைப் பக்கமிருந்து உஸ்ஸ்ஸ் என்று நீளமாக வந்தது, நின்றது, மறுபடி வந்தது. சின்னக் குரல் ஒன்று கிசுகிசுத்தது. இன்னொன்று அதை அடக்கியது. யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள்.

வாசலில் நான்கு ஜோடியும் வந்துவிட்டிருந்தன. பழுப்புத் தோல். ஊக்கு குத்திய நீலம். சின்னது இரண்டு. விரல் பக்கம் கதவைப் பார்த்து. பக்கத்தில் இன்னொரு ஜோடிக்கு இடம்.

பக்கெட்டைக் கீழே வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு தன் செருப்பைக் கழற்றினார். குனிந்து, அந்த இடத்தில் வைத்தார். சரியாக இல்லை. திருத்தினார்.

ஒன்று நேராக. ஒன்று சற்றே கோணலாக.